நல்ல காற்றில் நிற்கும் பழைய காத்தாடிகள்: மாற்றினால் யாருக்கு வேலை, யாருக்கு இழப்பு?

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக முப்பந்தலைக் கடப்பவர்களுக்கு அங்கே நிற்கும் காத்தாடிகளின் கூட்டம்தான் முதலில் தெரியும். கொஞ்சம் நிதானித்துப் பார்த்தால் அவற்றில் எத்தனை குட்டையானவை என்பதும் தெரியும். 30 மீட்டர் டவர், அதன் உச்சியில் 13 மீட்டர் நீளப் பிளேடுகள். பெரும்பாலும் 1990களில் நட்டவை. தமிழ்நாட்டில் காற்று மிக நன்றாக வீசும் நிலத்தில்தான் மிகச் சிறிய, மிகப் பழைய எந்திரங்கள் இருக்கின்றன. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையில் என்ன படிக்கலாம், என்ன வேலை கிடைக்கும், இதனால் சுற்றுச்சூழலுக்கு நிஜமாகவே லாபமா என்று கேட்பவர்கள் பேச்சை இங்கிருந்து தொடங்குவது நல்லது. மூன்று கேள்விகளும் இந்தப் பழைய காத்தாடிகளை மாற்றும் இடத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய நான்கு கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு கிழக்கே வருகிறது. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரைதான் காற்று சீசன். ஆண்டு உற்பத்தியின் பெரும்பகுதி இந்த ஐந்து மாதங்களில் வந்துவிடும். 1986-இல் தூத்துக்குடிப் பக்கம் அரசு 55 கிலோவாட் எந்திரங்களை நட்டுச் சோதித்துப் பார்த்தது. 90களில் தனியார் வந்தார்கள். முதலில் வந்தவர்களுக்கு முதல்தரமான இடம் கிடைத்தது, ஆனால் அன்றைக்குக் கிடைத்த எந்திரம் 225, 250 கிலோவாட்தான். வாங்கியவர்களில் பலர் நூற்பாலை, சிமெண்ட் ஆலை, ஏற்றுமதி நிறுவனம் நடத்தியவர்கள். எந்திரத்தின் விலையை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைக்கலாம் என்ற சலுகை அப்போது இருந்தது. தங்கள் ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தையும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் ஒரே தோட்டத்தில் அடுத்தடுத்து நிற்கும் பத்துக் காத்தாடிகளுக்குப் பத்து முதலாளிகள்.

மாநிலத்தின் மொத்தக் காற்றாலைத் திறன் இப்போது 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

மாற்றினால் எவ்வளவு கூடும்?

காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் படியோடு ஏறும். உயரம் கூடக்கூட வேகமும் கூடும். மரம், கட்டடம் அதிகமில்லாத சமவெளியில் 30 மீட்டரிலிருந்து 120 மீட்டருக்குப் போனால் வேகம் ஏறக்குறைய 22 சதவீதம் ஏறும், ஆற்றல் 1.8 மடங்காகும். பிளேடு வீசும் வட்டத்தின் பரப்பு தனிக்கணக்கு. 27 மீட்டர் விட்டமுள்ள பழைய எந்திரம் 572 சதுர மீட்டர் காற்றைப் பிடிக்கிறது. இன்றைய 3 மெகாவாட் எந்திரத்தின் விட்டம் 140 மீட்டர் என்றால் 15,400 சதுர மீட்டர். 27 மடங்கு.

மேடைப் பேச்சுகள் இந்த 27 மடங்கோடு நின்றுவிடுகின்றன. நிலத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாகும். ஒரு காத்தாடியைக் கடந்த காற்று கலங்கிப் போகும், அது பழைய வேகத்தைப் பிடிக்க இடைவெளி வேண்டும். ஒரு திசையில் விட்டத்தின் ஐந்து மடங்கும் மறு திசையில் ஏழு மடங்கும் விட வேண்டும் என்பது நெடுநாளைய விதி. அந்த விதியை அப்படியே பிடித்தால் 225 கிலோவாட் எந்திரத்துக்கு ஆறேகால் ஏக்கர் போதும், 3 மெகாவாட் எந்திரத்துக்கு 170 ஏக்கர் வேண்டும். அதாவது ஒரு புது எந்திரம் 27 பழைய எந்திரங்களின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. பழையவை ஆண்டு முழுக்கச் சராசரியாகத் தங்கள் திறனில் 15 சதவீதம் ஓடுவதாக வைத்தால், 27-உம் சேர்ந்து 80 லட்சம் யூனிட் தரும். புதியது 35 சதவீதம் ஓடினால் 92 லட்சம் யூனிட். விதியை அப்படியே வைத்துக்கொண்டால் ஒரே நிலத்தில் கிடைக்கும் கூடுதல் மின்சாரம் 15 சதவீதம்தான்.

அப்படியானால் ஏன் மாற்ற வேண்டும்? இந்த 92 லட்சம் யூனிட்டும் 3 மெகாவாட் இணைப்பிலிருந்து வருகிறது. பழைய 27-க்கும் சேர்த்துத் துணைமின் நிலையத்தில் 6 மெகாவாட் இடம் ஒதுக்கியிருக்கும். மாற்றினால் பாதி இடம் காலியாகும், அதில் அதே வளாகத்தில் சோலார் சேர்க்கலாம். மே முதல் செப்டம்பர் வரை காற்றும், காற்றடங்கிய மாதங்களில் வெயிலும் துணைமின் நிலையத்துக்குப் போகும் ஒரே ஃபீடர் லைனை நிரப்பும். புது எந்திரம் குறைந்த காற்றிலும் ஓடுவதால் உற்பத்தி கொஞ்சம் சீராகவும் இருக்கும். இடைவெளி விதியைத் தளர்த்தினால் பலன் இன்னும் கூடும். பழைய காத்தாடியை எடுத்துவிட்டுப் புதியதை நடுவதற்கு மறுதிறனூட்டல் என்று பெயர். ஒன்றிய அரசின் 2016 மறுதிறனூட்டல் கொள்கை இடைவெளி விதியைத் தளர்த்த இடம் தந்தது. 2023-இல் திருத்திய தேசியக் கொள்கையும், 2024-இல் தமிழ்நாட்டின் தனிக்கொள்கையும் வந்தன. தளர்த்தும்போது புதுக் காத்தாடிக்குப் பின்னால், காற்று போகும் பக்கத்தில் நிற்கும் பக்கத்துக்காரரின் எந்திரம் எவ்வளவு இழக்கும் என்பதை அளந்து சொல்ல வேண்டும். அந்த அளவீட்டை ஒழுங்காகச் செய்யாமல் அனுமதி கொடுத்தால் வழக்கில்தான் முடியும்.

உண்மையான முட்டுக்கட்டை தொழில்நுட்பம் இல்லை. 27 காத்தாடிக்கு 27 பட்டா, 27 சர்வீஸ் எண், 27 ஒப்பந்தம். ஒருவருடைய எந்திரம் கடன் முடிந்து, செலவில்லாமல் யூனிட் தந்துகொண்டிருக்கும். இன்னொருவருடையது கியர்பாக்ஸ் உடைந்து இரண்டு சீசனாக நிற்கும். சீசனில் கிடைத்த உபரியை மின்வாரியத்தின் கணக்கில் வைத்து மற்ற மாதங்களில் எடுத்துக்கொள்ளும் பேங்கிங் வசதி புது எந்திரத்துக்கும் அதே வடிவில் கிடைக்குமா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. இவர்களை ஒரு நிறுவனத்துக்குள் பங்குதாரர்களாகக் கொண்டுவருவது, பங்கை எந்திரத்தின் திறனை வைத்துப் பிரிப்பதா, கடைசி ஐந்தாண்டு உற்பத்தியை வைத்துப் பிரிப்பதா என்று பேசித் தீர்ப்பது, இவையே மறுதிறனூட்டலின் பெரும்பகுதி வேலை.

வேலை எங்கே இருக்கிறது?

ஆகவே இத்துறைக்கு வர நினைக்கும் ஒருவர் எஞ்சினீயராக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. பட்டா, வில்லங்கம், வழிப்பாதை உரிமை பார்க்கத் தெரிந்த நில அளவையரும் வழக்கறிஞரும் தேவை. காற்று அளவுத் தரவைப் படித்து உற்பத்தியைக் கணிப்பவர் தேவை. இந்தத் திறன் உள்ளவர்கள் குறைவு, இயற்பியலோ புள்ளியியலோ படித்தவர்கள் கற்றுக்கொண்டு வரக்கூடிய வேலை. ஆனால் எண்ணிக்கையில் அதிகம் பேரை எடுப்பது பராமரிப்புப் பிரிவு. ஐ.டி.ஐ. எலெக்ட்ரீசியன், ஃபிட்டர், டிப்ளமா மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் படித்தவர்களுக்கு அதுதான் வாசல்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. முழுப் பராமரிப்பு பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள், காற்று வருவதற்கு முன் முடிய வேண்டும். சீசன் தொடங்கியபின் எந்திரத்தை நிறுத்தும் ஒவ்வொரு மணி நேரமும் முதலாளிக்கு இழப்பு, ஆகவே அப்போது பழுது மட்டும்தான் பார்ப்பார்கள், அதுவும் பலத்த காற்றில். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் டவர் ஏறக் கூடாது, அதைவிடக் குறைந்த ஒரு வேகத்துக்கு மேல் பிளேடுகள் பொருந்தியிருக்கும் நடுப்பகுதியான ஹப்புக்குள் நுழையக் கூடாது. இரண்டு எல்லைகளும் அந்தந்த எந்திரத்தின் கையேட்டில் இருக்கும். சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாலும் அதை மீறாமல் இருப்பது முதல் பாடம். இரண்டாவது, தனியாக ஏறக் கூடாது. மேலே ஒருவர் கயிற்றில் தொங்கியபடி மயங்கிவிட்டால் சில நிமிடங்களில் கால்களில் ரத்தம் தேங்கி உயிருக்கு ஆபத்தாகும். தீயணைப்பு வண்டி வரும்வரை காத்திருக்க நேரமில்லை, கூட இருப்பவர்தான் மீட்புக் கருவியைக் கொண்டு இறக்க வேண்டும்.

பழைய எந்திரத்தில் அடிக்கடி போகும் பாகங்களைச் சொல்கிறோம். கியர்பாக்ஸில் வேகமாகச் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் முதலில் தேயும். சத்தம் மாறுவதற்கு முன்பே எண்ணெய் மாதிரியில் இரும்புத்துகள் கூடிவிடும். அதனால் எண்ணெயைச் சோதனைச்சாலைக்கு அனுப்புவது செலவு மாதிரித் தெரிந்தாலும் மிச்சம்தான். பேரிங் ஒன்றை மேலேயே மாற்றலாம். கியர் உடைந்தால் கிரேன் வர வேண்டும். பிளேடு முனையில் பிரேக் உள்ள வகைகளில் ஹைட்ராலிக் கசிந்தால் முனை தானாகத் திரும்பி எந்திரத்தை நிறுத்திவிடும். எந்திரத்தைக் காற்றின் பக்கம் திருப்பும் யா அமைப்பின் பிரேக் பேட் தேய்ந்தால் முகம் லேசாக விலகி நிற்கும். எச்சரிக்கை எதுவும் வராது, உற்பத்தி மட்டும் குறையும். போல்ட்டுகளைப் புது எந்திரத்தில் முதல் 500 மணி நேரத்துக்குப் பின் டார்க் ரென்ச்சால் மறுபடி முடுக்கி, தலையில் பெயிண்டால் கோடு போட்டு வைப்பார்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

கெப்பாசிட்டர் பேங்க் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய காத்தாடிகளில் இருப்பது இண்டக்ஷன் ஜெனரேட்டர். அது ஓடுவதற்கே மின்வாரிய லைனிலிருந்து ரியாக்டிவ் மின்சாரத்தை, அதாவது காந்தப்புலத்தை உண்டாக்க மட்டும் உதவும் மின்சாரத்தை, இழுக்கும். கீழே உள்ள பேனலில் கெப்பாசிட்டர்கள் அதை ஈடுகட்டுகின்றன. ஒன்றிரண்டு போனால் எந்திரம் நிற்காது, அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் மின்வாரியக் கணக்கில் ரியாக்டிவ் கட்டணம் ஏறியிருக்கும், இழுத்தது ஓர் அளவைத் தாண்டினால் கட்டண விகிதமும் உயரும். மாற்றப் போகும் டெக்னீஷியன் மெயினை அணைத்து, லைனில் மின்சாரம் இல்லை என்ற உறுதியான லைன் கிளியர் வாங்கியபிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதை இறக்கி, மீட்டர் வைத்துப் பார்த்தபின்தான் கை வைக்க வேண்டும்.

பயிற்சிக்குச் சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் இருக்கிறது. கயத்தாற்றில் அதன் ஆராய்ச்சி நிலையம். வாயுமித்ரா என்ற பயிற்சித் திட்டத்தை நடத்துவதும் அதுதான். பன்னாட்டு எந்திர நிறுவனங்கள் குளோபல் விண்ட் ஆர்கனைசேஷனின் பாதுகாப்புச் சான்றிதழைக் கேட்கும்: உயரத்தில் பணி, முதலுதவி, தீ விழிப்புணர்வு, பாரம் கையாளுதல். இது இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு மிக உதவும், ஆனால் வேலை உறுதியாகும் முன் சொந்தக் காசில் எடுத்து வைத்தால் கெடு ஓடிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான களப்பணிகள் ஒப்பந்ததாரர் வழியாகத்தான் என்பதால், சேரும்போது சம்பளத்தோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ., விபத்துக் காப்பீடு, உயரத்தில் ஏறும்போது உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸைச் சொந்தமாகத் தருவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல பேர் மாற்றி மாற்றிப் போட்ட பழைய ஹார்னஸ் கொடுக்கும் இடத்தில் சேராதீர்கள்.

சோலாரில் இதைவிட வேகமாக நுழையலாம். ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கான சூரியமித்ரா பயிற்சி 600 மணி நேரம், சுமார் மூன்று மாதம். ஆனால் சொந்தமாகத் தொழில் செய்ய அது மட்டும் போதாது. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழும் கையில் இருப்பது நல்லது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் வீட்டுக் கூரை அமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம், அதனால் சிறுநகரங்களிலும் கூரை வேலை பெருகியிருக்கிறது. 550 வாட் பேனல் ஆறு, 300 சதுர அடி நிழலில்லாத இடம், நாளுக்குச் சராசரியாக 12 யூனிட். ஆறு பேனலைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட் டி.சி. வந்துவிடும். டி.சி.யில் பொறி கிளம்பினால் ஏ.சி. போலத் தானாக அணையாது. கூரைத் தீ பெரும்பாலும் கனெக்டரில் தொடங்குகிறது: ஒரு கம்பெனியின் ஆண் முனையை இன்னொரு கம்பெனியின் பெண் முனையில் செருகுவது, அல்லது கம்பியை முனையோடு அழுத்திப் பிணைக்கும் சரியான கிரிம்ப் கருவி இல்லாமல் கட்டிங் பிளேயரால் நசுக்குவது. போர்வெல் உப்புத்தண்ணீரில் கழுவினால் கண்ணாடியில் படலம் கட்டி நாளடைவில் உற்பத்தி குறையும். வாடிக்கையாளர் நிச்சயம் கேட்கும் ஒன்றுக்கு முன்கூட்டியே பதில் சொல்லிவிடுங்கள்: மின்வாரிய லைனோடு இணைந்த, பேட்டரி இல்லாத ஆன்கிரிட் அமைப்பு கரண்ட் போனால் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிரோடு இருக்க வேண்டுமே, அதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

தொழிற்சாலை வேலை வேண்டுமென்றால் கங்கைகொண்டானில் டாடா பவரின் செல், பேனல் ஆலையும், பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலாரும், ஒரகடத்தில் விக்ரம் சோலாரும் இருக்கின்றன.

விலை யார் தலையில்?

கரிமக் கணக்கில் தீர்ப்பு தெளிவானது. பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழுவின் 2014 அறிக்கைப்படி, கட்டுவது முதல் கழிப்பது வரை எல்லாம் சேர்த்து ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி சுமார் 820 கிராம் கரியமில வாயுவை விடுகிறது, நிலத்துக் காற்றாலை 11 கிராம். ஒரு காத்தாடியைச் செய்யச் செலவான ஆற்றலை அது ஓராண்டுக்குள் திருப்பித் தந்துவிடும். கேள்வி உள்ளூரில்தான்.

27 காத்தாடி இறங்கினால் 81 பிளேடு மிஞ்சும். டவரின் இரும்பும் ஜெனரேட்டரின் செம்பும் அன்றைக்கே காயலான் கடையில் விலை போகும். பிளேடு போகாது. கண்ணாடி இழையும் எபாக்ஸி அல்லது பாலியஸ்டர் பிசினும் இறுகிய பொருள் அது. உருக்க முடியாது, பிரிக்கவும் எளிதில்லை. வயலோரம் கிடந்து வெயிலில் உதிரும் கண்ணாடித் தூள் ஆட்டுக்கும் ஆளுக்கும் கெடுதல். இப்போதைக்கு நடைமுறைக்கு உகந்த வழி, துண்டாக்கிச் சிமெண்ட் சூளையில் போடுவது. பிசின் எரிபொருளாகும், கண்ணாடியின் சிலிக்கா, சிமெண்டாக அரைக்கும் கிளிங்கர் கட்டியில் சேரும். திருநெல்வேலி, விருதுநகர், அரியலூர் என்று சிமெண்ட் ஆலைகள் தமிழ்நாட்டில் நிறைய இருப்பதால் வண்டி வாடகை தாங்கும். ஆனால் வெட்டும்போது பறக்கும் தூசிக்குத் தண்ணீர் தெளிப்பும் முகக்கவசமும் கட்டாயம். இதைச் செய்யும் தொழிலாளிக்கு அவை கிடைக்கின்றனவா என்று பார்ப்பதும் சுற்றுச்சூழல் கணக்கில் சேர்த்திதான்.

புது எந்திரத்தின் அஸ்திவாரம் சுமார் 500 கன மீட்டர் காங்கிரீட், மிக்சர் லாரி எண்பது நடை. 70 மீட்டர் பிளேடு ஒரே துண்டாக வரும், வளைவுகளை அகலப்படுத்த வேண்டும், பனைமரங்கள் போகும். குளக்கரையிலும் ஓடையிலும் மண் கொட்டிப் பாதை போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் எடுக்காமல் விட்டால் அடுத்த மழையில் தண்ணீர் குளத்துக்குப் போகாது. தென்மாவட்ட விவசாயிக்குக் காத்தாடியால் வரும் நிஜமான நட்டம் பெரும்பாலும் இந்த வகை. போதுமான குழாய்ப்பாலம் வைத்தால் தவிர்க்கக்கூடிய நட்டமும் கூட.

காத்தாடியின் 170 ஏக்கரில் நிரந்தரமாகப் போவது ஒன்றிரண்டு ஏக்கர்தான், மற்றதில் உழலாம், ஆடு மேய்க்கலாம். சோலார் பூங்கா அப்படியில்லை. 2016-இல் திறந்த கமுதி பூங்கா 648 மெகாவாட்டுக்குச் சுமார் 2,500 ஏக்கர் எடுத்தது, சுற்றிலும் வேலி. மானாவாரி நிலத்தை விற்றவருக்குப் பணம் கிடைக்கும். பட்டா இல்லாமல் அதில் ஆடு மேய்த்தவருக்கும் களை எடுத்தவருக்கும் எதுவும் கிடைக்காது. அதனால் புதிதாக நிலம் எடுப்பதற்கு முன் பழைய காத்தாடி வளாகங்களையும் கூரைகளையும் நிரப்ப வேண்டும் என்கிறோம்.

எந்திரம் ஒன்றே என்றாலும் இடம் மாறினால் தீர்ப்பு மாறும் என்பதற்கு மன்னார் சாட்சி. இலங்கை மின்சார சபை ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் அங்கே அமைத்த தம்பபவனியில் 3.45 மெகாவாட் எந்திரங்கள் 30 உள்ளன, மொத்தம் 103.5 மெகாவாட். தீவு மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் பாதையில் இருக்கிறது. பக்கத்திலேயே பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற வங்காலைச் சரணாலயம். தாழ்வான, மணற்பாங்கான நிலம் என்பதால் பாதையும் மேடும் போட்டபின் மழைநீர் வடிவதில்லை என்கிறார்கள் அங்குள்ள மக்கள், மீன்பிடி பாதிக்கிறது என்பதும் அவர்கள் புகார். அதானி நிறுவனம் மன்னார், பூநகரித் திட்டங்களிலிருந்து 2025 பிப்ரவரியில் விலகியது. பிறகும் வேறு காற்றாலைத் திட்டங்களை எதிர்த்து அதே ஆண்டு மன்னாரில் தொடர் போராட்டம் நடந்தது. அவர்களைப் பசுமை ஆற்றலின் எதிரிகள் என்று சொல்வது அநியாயம். நூற்றுக்கணக்கான எந்திரங்கள் முப்பது வருடமாக நிற்கும் கணவாயில் மாற்றிக் கட்டுவதும், பறவையும் மீனவரும் வாழும் ஒடுங்கிய தீவில் புதிதாகக் கட்டுவதும் ஒன்றாகாது.

ஊராட்சியே உரிமையாளரானால் கணக்கு வேறு மாதிரி இருக்கும். மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி 2006-இல் 1.55 கோடி ரூபாய்க்கு 350 கிலோவாட் காற்றாலை வாங்கி, தன் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. மறுதிறனூட்டல் நிறுவனங்களில் அந்தந்த ஊராட்சிக்கு ஒரு சிறு பங்கு என்பது பேசிப் பார்க்க வேண்டிய யோசனை.

இப்போது உங்கள் நிலத்தைக் கேட்டு யாராவது வந்தால், குத்தகைத் தொகையைப் பேசுவதோடு நிறுத்தாதீர்கள். எந்திரத்தின் ஆயுள் முடிந்தபின் அதை இறக்குவது யார், அஸ்திவாரத்தைத் தரைக்குக் கீழே எத்தனை அடி வரை உடைத்து எடுப்பார்கள், பிளேடு எந்த ஆலைக்குப் போகும், இதற்கான தொகையை இப்போதே வங்கிக் காப்புறுதியாக வைப்பார்களா, நிறுவனம் கைமாறினால் புது முதலாளியையும் இது கட்டுப்படுத்துமா என்று கேட்டு, பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.